பழைய துணிக்கு எவர்சில்வர் அடுக்கு: ஜனக்புரியில் நடந்த ஒரு பண்டமாற்று

மேற்கு டெல்லி ஜனக்புரியில், டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி வாசலில், மார்ச் மாதக் காலை ஒன்றில் நடந்த வியாபாரம் இது. கொடுத்தது: ஜீன்ஸ் 2, மற்ற பேன்ட் 2, சட்டை 5, சுடிதார் செட் 2, பாலியஸ்டர் புடவை 1, ஆண்கள் ஸ்வெட்டர் 1. வாங்கியது: மூடி போட்ட எவர்சில்வர் அடுக்கு ஒன்று, 5 லிட்டர் பிடிக்கும், கூடவே ஒரு டீ வடிகட்டி. பேரம் முக்கால் மணி நேரம் ஓடியது. ரூபாய் ஒன்றுகூடக் கை மாறவில்லை.

துணியைக் கொடுத்தவர் மதுரைக்காரர். கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கட்டடத்தில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர் அக்கா. பாத்திரம் கொடுத்தவர் ரகுபீர் நகரிலிருந்து மாதத்துக்கு ஓரிரு முறை வரும் அம்மாள். டெல்லியில் பர்தன்வாலி என்பார்கள். அக்கா வீட்டில் பாத்திரக்காரம்மா.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் டியூஷன் எடுப்பது என் வேலை. பணமும் வங்கியும் என்ற பாடம் பண்டமாற்றின் குறைபாடுகளில்தான் தொடங்கும். என்னிடம் அரிசி இருக்கிறது, எனக்குத் துணி வேண்டும். துணி வைத்திருப்பவருக்கு அரிசி வேண்டாம். பொது அளவுகோல் கிடையாது. பசுமாட்டைப் பாதியாக வெட்டிக் கொடுக்க முடியாது. சேர்த்து வைக்க முடியாது, பிறகு தருகிறேன் என்று கடன் சொல்ல முடியாது. அதனால் பணம் வந்தது, பண்டமாற்று போனது. பிள்ளைகள் இதைத் தேர்வில் அழகாக எழுதிவிடுவார்கள். ஆனால் இத்தனை குறையும் உள்ள ஒரு முறை, யு.பி.ஐ. புழங்கும் தலைநகரத்தில் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. புத்தகத்தில் இல்லையே! அதைப் பார்க்கத்தான் இந்த ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் போய்ப் பார்த்தேன்.

வாசலில் நடந்தது

பாத்திரக்காரம்மா மூட்டையை இறக்கியதும் முதலில் அடுக்கை எடுக்கவில்லை. சின்னச் சாமான்களைப் பரப்பினார்: கரண்டி, கிண்ணம், சம்படம், வடிகட்டி. பெரியது கடைசியில்தான் வந்தது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, விரல் முட்டியால் வயிற்றுப் பகுதியில் ஒரு தட்டுத் தட்டினார். விளிம்பைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது அவர் கட்சி. தகடு மெலிசாக இருந்தாலும் விளிம்பை உருட்டி மடித்துவிட்டால் பார்வைக்குக் கனமாகத் தெரியும். தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பக்கம் சோதனை இன்னும் கறார். பேன்ட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு தொடையும் சேருகிற இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே காட்டினார். அங்கே இழை தேய்ந்திருந்தால் ஒளி பொடிப்பொடியாக உள்ளே வரும். ஒரு பேன்ட் அப்படித்தான் வந்தது, தனியே வைத்தார். ஜிப்பை ஏற்றி இறக்கினார். சட்டைக் காலரை விரித்து உள்மடிப்பைப் பார்த்தார். சுடிதாரில் அக்குள் பக்கம். புடவையைப் பிரிக்கவே இல்லை, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, 'பாலியஸ்டர்' என்று ஒரு ஓரமாக எறிந்தார். ஸ்வெட்டரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஹோலி முடிந்துவிட்டது மாதாஜி, இதை இனி யார் போடுவார்கள்?"

அக்கா விடுவாரா? "போன வருஷம் லூதியானாக் கடையில எடுத்த ஸ்வெட்டர்ம்மா அது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "நாலு வருஷம் ஆச்சு தம்பி, அவளுக்குத் தெரியவா போகுது" என்றார். எனக்கென்னவோ அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

முதலில் அவர் கேட்டது, இந்தத் துணிகளோடு மேலே 100 ரூபாய். அக்கா, காசு தருவதானால் கடையிலேயே வாங்கிக்கொள்வேனே என்றார். பாத்திரக்காரம்மா மூட்டையைக் கட்டுவதுபோல் கட்டினார். அக்கா கதவைச் சாத்துவதுபோல் சாத்தினார். அப்புறம் பீரோவிலிருந்து இன்னொரு சட்டை வந்தது, மேலே கேட்ட நூறு போனது. கடைசியில் அக்கா பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாக முணுமுணுப்பு எழ, அந்த வடிகட்டி வந்து சேர்ந்தது.

அந்த வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். பொருளைப் பிரிக்க முடியாது என்பது பண்டமாற்றின் பெரிய குறையாகப் பாடத்தில் வரும். பாத்திரக்காரம்மா அதற்குச் செய்துகொண்ட ஏற்பாடுதான் கரண்டியும் வடிகட்டியும். அவருடைய மூட்டையில் அவைதான் சில்லறை. பெரிய சாமான் இரண்டோ மூன்றோ, மீதியெல்லாம் இந்தச் சில்லறை. அதையும் சேர்த்துத் தலையில் சுமந்துகொண்டு மாடி ஏற வேண்டும்.

துணிக்கு ஏன் விலை இல்லை

இதே வாசலுக்குக் கபாடிவாலாவும் வருகிறார். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, காலி பாட்டில் எல்லாவற்றையும் எடைபோட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கே சண்டை வந்தால் தராசைப் பற்றித்தான் வரும், விலையைப் பற்றி அதிகம் இருக்காது. செய்தித்தாள் கிலோ என்ன விலை என்று தெருவுக்கே தெரியும். ஒரு கிலோ செய்தித்தாளும் இன்னொரு கிலோ செய்தித்தாளும் ஒன்றுதான்.

துணி அப்படி இல்லை. இரண்டு நீலச் சட்டைகளில் ஒன்றுக்கு ஆள் உண்டு, இன்னொன்று கரித்துணி. அளவு, நிறம், தேய்மானம், பொத்தான், எந்த வருஷத்து மோஸ்தர் என்று ஒவ்வொன்றும் தனி. கந்தலாகிக் கிழிந்த பிறகுதான் துணிக்குக் கிலோ விலை வருகிறது. உடுத்தக்கூடிய நிலையில் இருக்கிற வரைக்கும் பொது விலை சொல்ல ஆளில்லை. பண்டமாற்று ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு காரணம் மானம். "பழைய துணியை வித்துக் காசு வாங்கினேன்னு நாளைக்கு யார்கிட்ட சொல்றது? பாத்திரம் வாங்கினேன்னா அது வேற" என்றார் அக்கா. வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுக்கலாமே என்றேன். அவர் கிழிசலையும் சாயம் போனதையும் இப்போதெல்லாம் வாங்குவதில்லையாம், சரிதானே. நம்மூரில் பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துப் போனவரிடமும் இதே கதைதான். ஓட்டை அண்டாவை விற்றுக் காசு பார்த்ததாக யாரும் நினைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுத்ததாக நினைத்தார்கள்.

ரூபாய் எங்கே ஒளிந்திருந்தது

நூறு பொருள்கள் உள்ள சந்தையில் பணம் இல்லாவிட்டால், எதற்கு எது எவ்வளவு என்று 4,950 மாற்று விகிதங்கள் தேவை. பணம் இருந்தால் நூறு விலை போதும். பாத்திரக்காரம்மாவின் மூட்டையில் ஒரு பன்னிரண்டு வகைச் சாமான், வாசல்களில் கிடைப்பது ஒரு பத்து வகைத் துணி என்று வைத்தால்கூட 120 விகிதங்கள். அதிலும் தேய்மானத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றும் மாறும். இதை எப்படி நினைவில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். வைப்பதே இல்லை.

துணி கைக்கு வந்ததும் அவர் மனதுக்குள் மண்டி விலை, அதாவது பழைய துணிச் சந்தையின் விலை, ஓடுகிறது. இந்த இரண்டு ஜீன்ஸ் 70 வீதம். மற்ற பேன்ட் இரண்டும் சேர்த்து 60. சட்டையில் மூன்று 25 வீதம் போகும், இரண்டு கரித்துணி, 10 ரூபாய். சுடிதார் செட் 40 வீதம். புடவை 30. மொத்தம் 395. ஸ்வெட்டருக்கு இப்போது விலை கிடையாது. அடுக்கு அவருக்கு 290-க்கு வந்தது, வடிகட்டி 15. ஆக, வாசலில் பேசியது துணியும் பாத்திரமும். அவர் தலைக்குள் ஓடியது முழுக்க ரூபாய்க் கணக்கு. அக்காவிடம் அந்தக் கணக்கு இல்லை. அக்காவுக்குத் தெரிந்தது அடுக்கின் கடை விலை, 450 இருக்கும், அப்புறம் பீரோவில் காலியாகப் போகிற ஒரு தட்டு.

இதைப் பார்த்ததும் பாத்திரக்காரம்மா அக்காவை ஏமாற்றிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். அன்றைக்கு அப்படி இல்லை. 450 ரூபாய்ப் பாத்திரம் அக்காவுக்குக் கிடைத்தது. அந்தத் துணிகளை அக்காவே எடுத்துக்கொண்டு போய் விற்றிருந்தால் 395 கிடைத்திருக்காது; அக்காவுக்கு மண்டியில் யாரையும் தெரியாது, அது கூடுகிற விடியற்காலை இருட்டில் அங்கே போகவும் மாட்டார். பாத்திரக்காரம்மா கைக்கு நிற்பது சுமார் 90 ரூபாய். இந்த 90-தான் என்னை யோசிக்க வைத்தது. பண்டமாற்றின் குறைபாடுகள் எங்கேயும் மறைந்துவிடவில்லை. ஒரு பெண் அத்தனையையும் வாங்கிச் சுமக்கிறார், அதற்கான கூலி அது.

தேவைகள் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும் என்கிற முதல் சிக்கலையே பாருங்கள். அக்காவுக்கு அன்றைக்கு அடுக்கு வேண்டும், துணியும் இருந்தது. அதற்கு முன் அதே தெருவில் எத்தனையோ வாசலில் துணி இருந்தும் பாத்திரம் வேண்டாம் என்றார்கள், அல்லது கேட்ட பாத்திரம் மூட்டையில் இல்லை. ஒரு வீட்டில் நான்ஸ்டிக் கேட்டார்கள். பொருத்தம் தானாக அமைவதில்லை. அவர் நடந்து நடந்து அமைக்கிறார். நேர விரயம் முழுவதும் அவர் பக்கம். அக்கா கதவைச் சாத்திவிட்டு டிவி பார்க்கப் போகலாம்.

ரகுபீர் நகர்

ரகுபீர் நகர் ஜனக்புரியிலிருந்து தூரமில்லை, ரஜௌரி கார்டன் பக்கம். அங்கே கோடா மண்டி என்று ஒரு பழைய துணிச் சந்தை. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தவர் பல தலைமுறைகளாக நடத்துவது. தேவிபூஜக் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. வீடு வீடாகப் போவது பெரும்பாலும் பெண்கள். சந்தை இருட்டிலேயே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். பகலில் துணி சேர்க்கப் போக வேண்டும், அதனால்.

விடியற்காலையில் நான் போனபோது டார்ச் வெளிச்சத்தில் பேரம் நடந்துகொண்டிருந்தது. தரையில் துணி விரித்து அதன்மேல் குவியல் குவியலாகப் பேன்ட், சட்டை, புடவை. வாங்க வந்தவர்களில் பலவகை. நல்ல ஜீன்ஸை மட்டும் பொறுக்குகிறவர், துவைத்து இஸ்திரி போட்டு வாரச் சந்தையில் விற்பார். பருத்தித் துணியை மூட்டையாக எடுப்பவர், வெட்டிப் பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் எண்ணெய் துடைக்கிற துணியாகக் கொடுப்பார். கம்பளி ரகங்கள் கிழிந்து போனால் அவற்றுக்குப் பானிபட் இருக்கிறது. டெல்லிக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் பழைய கம்பளித் துணியை நிறம் நிறமாகப் பிரித்து, நார் நாராகக் கிழித்து, மறுபடி நூற்று மலிவு விலைப் போர்வை நெய்கிறார்கள்.

இங்கே எல்லாம் ரொக்கம். துணிக்குத் துணி என்ற பேச்சே கிடையாது. பாத்திரம் வருகிற வழியும் ரொக்கம்தான், அல்லது ரூபாயில் எழுதிய கடன். வஜீர்பூர் தொழிற்பேட்டையில் எவர்சில்வர் தகடு உருட்டுகிறார்கள், பாத்திரம் அடிக்கிறார்கள். சதர் பஜார் டெபுடி கஞ்சில் மொத்தக் கடைகள், எடைபோட்டு விற்பார்கள். அங்கிருந்து உள்ளூர்க் கடைக்காரர் எடுத்துவந்து பாத்திரக்காரம்மாவுக்குக் கடனாகக் கொடுக்கிறார். ஆக, தகட்டிலிருந்து போர்வை வரைக்கும் போகிற இந்த நீளமான சங்கிலியில் பண்டமாற்று என்பது ஒரே ஒரு கண்ணி, அக்கா வீட்டு வாசற்படி. பணம் வருவதற்கு முந்தைய காலத்தின் மிச்சம் என்று இதைச் சொல்வது சரியாகப் படவில்லை. இரண்டு பக்கமும் பணம் இருப்பதால்தான் நடுவில் இது நிற்கிறது.

அந்தப் பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். 2016 நவம்பர் 8 அன்று இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, நோட்டே தேவைப்படாத இந்த வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. வாசல்களில் துணியும் கிடைத்ததாம். மண்டிக்கு வெளியூர்க்காரர்கள் வரவில்லை, வந்தவர்களிடமும் சில்லறை இல்லை. வீட்டுக்குள் துணி மூட்டை கூரை வரை ஏறியது என்றார் பாத்திரக்காரம்மா. பாத்திரக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாயைத் துணியாகக் கொடுக்க முடியுமா? அவர் வாங்க மாட்டார். வரவு துணியில், கடன் ரூபாயில். அந்த மாதத்தில் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

சாதாரண மாதங்களிலும் இந்த நெருக்கடி சின்ன அளவில் உண்டு. ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் எல்லா வீட்டிலும் கம்பளித் துணியைக் கழிப்பது மார்ச்சில். மண்டியில் அதற்கு ஆள் வருவது அக்டோபருக்கு மேல். நடுவில் ஏழு மாதம், ஒற்றை அறை வீடு, மழைக்காலத்து ஈரம், பூச்சி. வேண்டாம் என்று ஒதுக்கினால் அக்கா மற்றத் துணியையும் தர மாட்டார், அதனால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தீபாவளிக்கு முன் வீடு சுத்தம் செய்யும்போது இதற்கு நேர் எதிர். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் துணி கொட்டும், மண்டியில் விலை விழும்.

பட்டுப்புடவை வந்தபோது

இதுவரை சொன்னதில் அக்காவுக்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதே கட்டடத்தில், அதே முறையில் வேறொரு வீட்டில் நடந்தது கொஞ்சம் கசப்பு. சில வருஷங்களுக்கு முன் கீழ்வீட்டு மாமி, மாமியாருடைய காஞ்சிபுரம் புடவை ஒன்றை இட்லிப் பானைக்குக் கொடுத்துவிட்டார். மடிப்பில் இற்றுப்போய், உதறினாலே கிழிகிற புடவை. உடுத்த முடியாது என்பதால் மதிப்பும் இல்லை என்று நினைத்துவிட்டார்.

பழைய காஞ்சிபுரத்து ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன் மேல் தங்க முலாம். புடவை இற்றுப்போனாலும் வெள்ளி இற்றுப்போவதில்லை. எரித்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். வெள்ளி 2025-இல் கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியதை நினைத்தால் மாமிக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்தக் கதை தெரிந்திருந்ததால், தன் அம்மாவின் புடவைக்கு அதே பாத்திரக்காரம்மா பெரிய அண்டா தருகிறேன் என்றபோது அக்கா உஷாராகிவிட்டார். அண்டாவின் அளவே காட்டிக்கொடுத்துவிட்டது. சாந்தினி சௌக் கினாரி பஜார் பக்கம் பழைய ஜரிகை எடுக்கிற ஒருவரிடம் மகனோடு போனார். அவர் முந்தானையிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்தார். உரைகல்லில் தேய்த்தார். பிறகு தராசு. ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுத்தார். அண்டா ஆயிரம்கூடப் பெறாது.

பொது அளவுகோல் இல்லை என்பதைப் பாடத்தில் அசௌகரியம் என்ற அளவில் சொல்லி முடித்துவிடுவார்கள். நடைமுறையில் அளவுகோல் ஒரு பக்கம் மட்டும் இருந்துவிடுகிறது. பேன்ட் சட்டையில் அந்த வித்தியாசம் 90 ரூபாய், உழைப்புக்கூலி என்று விட்டுவிடலாம். பட்டில் அது ஆயிரக்கணக்கில் போகிறது, அங்கே கூலி என்ற சமாதானம் செல்லாது.

சட்டத்தின் கண்ணில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம் பண்டமாற்றையும் பெயர் சொல்லியே வரி வரம்புக்குள் வைத்திருக்கிறது. காசு இல்லாமல் மாற்றிக்கொண்டாலும் சந்தை விலைக்குத்தான் வரி. விதியிலேயே உதாரணம் உண்டு: பழைய போனைக் கொடுத்து மேலே 20,000 ரூபாய் தந்து புதுப் போன் வாங்குகிறீர்கள், பழையதைக் கொடுக்காவிட்டால் புதுப் போனின் விலை 24,000 என்றால், மதிப்பு 24,000. பாத்திரக்காரம்மாவின் வியாபாரம் பதிவு செய்ய வேண்டிய வரம்பை எட்டிக்கூடப் பார்க்காது, அது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது, அந்தப் போன் மாற்றத்தில் இரண்டு பொருளுக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. பேரம், பொருத்தம், சந்தேகம் எதுவும் கிடையாது. கணக்கு முழுக்க ரூபாயில், பழைய போன் ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

வாசல் வியாபாரமும் அந்தப் பக்கம் நகர்வது தெரிகிறது. பல குடியிருப்புகளில் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நடந்து விற்பவர்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் உள்ளே விடு என்று ஒரு தனியார் கேட்டில் அதைக் காட்டி வாதாடவா முடியும்? துணியின் தரமும் இறங்கிவிட்டது. மலிவு பாலியஸ்டருக்கு உடுத்தவும் ஆளில்லை, எண்ணெயும் உறிஞ்சாது என்பதால் பட்டறைக்காரரும் தொடமாட்டார்.

போன முறை வந்தபோது பாத்திரக்காரம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாராம்: இனி புடவை வேண்டாம், பாலியஸ்டர் வேண்டாம், ஸ்வெட்டர் தீபாவளிக்குப் பிறகு மட்டும். ஜீன்ஸ் இருந்தால் போன் பண்ணுங்கள், பாத்திரம் வேண்டாம் என்றால் ஒன்றுக்கு 40 ரூபாய் காசாகவே தருகிறேன். மண்டியில் 70 போகிற ஜீன்ஸ் அது என்று நான் அக்காவிடம் சொன்னேன்.

"அது கிடக்கட்டும் தம்பி. நாம கழிச்சுப் போடுற துணிக்கு அவ லிஸ்ட் போட்டுக் குடுக்கிறா பாரு" என்றார் அக்கா. அந்த வாரமே இரண்டு ஜீன்ஸை எடுத்துத் தனியாக மடித்தும் வைத்துவிட்டார்; காசா பாத்திரமா என்று கேட்டதற்கு, மூடி போட்ட சம்படம் ஏதாவது கொண்டுவருகிறாளா பார்ப்போம் என்றார்.